அர்த்தம் சொல்லுகிறவள்

அன்னூர்
12.11.2023

கிறிஸ்துவுக்குள் பிரியமான திர்சாள் அக்காவுக்கு, உங்கள் தம்பி வீட்டுக்காரி பெர்சிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம்; சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்காலம், வெறுந்தரையில் முழங்கால் போட்டு ஜெபிக்காதீர்கள். ஒரு சாக்கையாவது மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊழியர் இல்லத்தில் சகோதரிகள் கையில் போன் கொடுக்கமாட்டார்கள் என்பதால், உங்கள் தம்பிக்குப் பக்கவாதம் வந்ததை ஆபீசுக்குத்தான் சொன்னோம். அவர்கள் உங்களிடம் எவ்வளவு சொன்னார்களோ தெரியாது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது தடி பிடித்து நடக்கிறார். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும். பேச்சுதான் அடியோடு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் விளங்குகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'த்தா... ம்ம்... தே' என்று ஏதோ வருகிறது. எழுதவும் வரவில்லை. செவ்வாய்தோறும் கோயம்புத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். மானசா என்று ஒரு பெண் பயிற்சி கொடுக்கிறாள். விடாமல் வந்தால் ஆறு மாதத்தில் பாதிக்குமேல் பேச்சு திரும்பிவிடும் என்றாள்.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கவாதம் வந்தபிறகு முதல்முறையாக, அவர் பாஸ்டராக இருக்கும் சபைக்கே அவரைக் கூட்டிப்போய் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மூப்பர் சுப்பண்ணன் பிரதர் மைக்கை அவர் வாயருகே பிடித்து, "ஐயா, ஒரு ஆசீர்வாதம் மட்டுஞ் சொல்லுங்க, போதுமுங்க" என்றார். இவர் வாயைத் திறந்தார். வழக்கமாக வருவதுதான் வந்தது. உடனே பிரதர், "அல்லேலூயா! ஐயா அந்நிய பாஷையில பேசறாருங்க!" என்று கத்திவிட்டார். சபையே எழுந்து நின்று அழுதது.

ஆவியில் நிறைந்து ஒருவர் பேசும் புரியாத அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரம் எனக்கு உண்டென்று சபைக்குத் தெரியும். உபவாச ஜெபத்தில் யாராவது பேசினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அம்மா, அர்த்தஞ் சொல்லுங்க" என்று மைக் என் கைக்கு வந்தது. நூற்றிருபது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். பக்கத்தில் இவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். இல்லீங்க, இது சீக்குங்க என்று எப்படிச் சொல்வேன்? 'இந்தச் சபையைக் கர்த்தர் அநாதையாக விடமாட்டார் என்கிறார்' என்று ஆரம்பித்தேன். முடித்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்த மேடையில் நான் ஏறியது பெருக்கித் துடைக்க மட்டும்தான் அக்கா.

எங்களுக்காக ஜெபியுங்கள்.

பெர்சிஸ்


ஊழியர் இல்லம், விழுப்புரம்
27.11.2023

அம்மணி பெர்சிஸுக்குத் திர்சாள் ஆசீர்வதித்து எழுதுவது. முழங்காலை விடு, அது பரலோகம் போனால்தான் சரியாகும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தனபால் சாப்பிடுகிறானா? புளி ரசம் என்றால் உயிரை விடுவான், காரம் குறைத்து வைத்துக் கொடு.

உன் கடிதத்தை மூன்றுமுறை வாசித்தேன். முதல்முறை அழுகை வந்தது. இரண்டாம்முறை ஸ்தோத்திரம் பண்ணினேன். மூன்றாம்முறை கோபம் வந்தது. நீ பாவாடை தாவணியில் சபைக்கு வந்த நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். என் தம்பிக்கு உன்னைக் கேட்டதே நான்தான். அதனால் நேராகக் கேட்கிறேன்: அவன் பேசியது அந்நிய பாஷைதானா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

பெண்பிள்ளை பாடலாம், ஜெபிக்கலாம், சாட்சி சொல்லலாம், அர்த்தமும் சொல்லலாம். பிரசங்கம் ஆணுக்குரியது. இந்த ஒழுங்கை நான் உண்டாக்கவில்லை; எனக்கு அது தித்திப்பாகவும் இல்லை. இங்கே முப்பத்தொரு வருடமாக எனக்குச் சாட்சி சொல்ல மூன்று நிமிடம். மூன்றாம் நிமிடம் முடிந்ததும் மணி அடிப்பார்கள், வாக்கியத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவேன். பழகிப்போயிற்று. நீயும் பழகியவள்தானே.

பயிற்சிக்குப் போனதில் என்ன முன்னேற்றம்? விவரமாக எழுது.

திர்சாள்


அன்னூர்
9.1.2024

பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். கிறிஸ்துமஸ், புது வருட ஆராதனை என்று ஓய்வே இல்லை. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். நீங்கள் சொன்னபடி ரசம் வைத்தேன், இரண்டு டம்ளர் குடித்தார். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன்.

தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. பாஸ்டரால் பிரசங்கம் செய்ய முடியாவிட்டால் நவநீத் என்ற தம்பியை அனுப்புவார்களாம். வேதாகமக் கல்லூரியிலிருந்து போன வருடம் வெளியே வந்தவர். நாங்கள் சபை வீட்டைக் காலிசெய்து கொடுக்கவேண்டுமாம். சுப்பண்ணன் பிரதர் சும்மா விடவில்லை. "எங்க ஐயா வாரந்தவறாம ஆவியில பேசறாரு, அம்மா அர்த்தஞ் சொல்றாங்க, எங்களுக்கு எந்தக் கொறையுமில்ல" என்று எழுதிப்போட்டார். அதோடு அங்கிருந்து சத்தமில்லை.

சபை வளர்ந்திருக்கிறது அக்கா. அவர் பேசிய நாளில் நூற்றிருபது பேர். இப்போது கோவில்பாளையம், கரியாம்பாளையத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள், வெளியே சாமியானா போட்டிருக்கிறோம். நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுதினால் மேட்டிமை என்பீர்கள். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்களுக்கு நான் சொல்வதை ஞாயிறு பிரசங்கத்தில் இவர் எடுத்துச் சொல்வார், தெரியுமா? நான் பாயில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன். வீட்டுக்கு வந்து, "என்னுங்க, இன்னிக்கு நம்ம சரக்கு நல்லா ஓடுச்சாட்ட இருக்குது" என்று கேலி பேசுவேன், அவரும் சிரிப்பார். இப்போது அதே பேச்சு என் வாயிலிருந்தே வருகிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாக இருப்பது பாவமா?

செவ்வாய்க்கிழமைகளில் வீட்டு ஜெபம் ஆரம்பித்திருக்கிறோம். அதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தாள் தீர்ந்துவிட்டது, மற்றவை அடுத்த கடிதத்தில்.

பெர்சிஸ்


விழுப்புரம்
22.1.2024

அம்மணிக்குத் திர்சாள் எழுதுவது. சௌக்கியம். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், தனபாலுக்குக் காது மூடிக் குல்லா போட்டுவிடு.

தாள் தீர்ந்துவிட்டது என்கிறாய். பின்பக்கம் முழுவதும் வெறுமையாகத்தானே இருந்தது கண்ணு?

செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபம் என்று எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் போகிற நாள் அல்லவா?

திர்சாள்


விழுப்புரம்
4.3.2024

பெர்சிஸுக்கு. ஆறு வாரமாகப் பதில் இல்லை. என் உடம்பைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு கார்டாவது போடு. நான் அவனைத் தூக்கி வளர்த்தவள்.

திர்சாள்


அன்னூர்
20.3.2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம். அவர் உயிரோடு இருக்கிறார். நன்றாகத் தூங்குகிறார். உடம்பில் குறை ஒன்றும் இல்லை.

அது அந்நிய பாஷை இல்லை அக்கா. முதல் நாளே எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இது நான்காவது தாள். டிசம்பர் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை மானசா அவரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, என்னைக் காட்டி, "இவங்க யாருங்க சார்?" என்று கேட்டாள். உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தார். பிறகு 'பெர்' என்றார். தெளிவாக, என் பெயர். அந்தப் பெண் கை தட்டினாள். "சார் இனி வேகமாப் பேசிருவாருங்க ஆன்ட்டி, ஒரு வாரங்கூட விட்டுப்போடாதீங்க" என்றாள். நானும் சிரித்தேன். அன்னூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்தான் அது தோன்றியது. வரும் ஞாயிறு சபையில் மைக்கைப் பிடித்து 'பெர்' என்று சொல்லிவிட்டால் நான் என்ன அர்த்தம் சொல்வேன்? யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

அவரால் ஒன்றும் முடியாது என்று ஆனால் நவநீத் தம்பி வந்துவிடுவார். உங்கள் தம்பி நன்றாகப் பேச ஆரம்பித்தால் நான் பாய்க்குப் போகவேண்டும். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் அவர் இருக்கும்வரைதான் எனக்கு அந்த மைக்.

அடுத்த செவ்வாய் மழை என்றேன். அதற்கடுத்த செவ்வாய் அவருக்கு அசதி என்றேன். பிறகு வீட்டு ஜெபத்தை அந்த நாளில் வைத்துவிட்டேன். மானசா போன் செய்தபோது ஊருக்குப் போயிருக்கிறோம் என்று பொய் சொன்னேன். அவருக்குக் கிழமை தெரியும் அக்கா. செவ்வாய் காலையானால் இடது கையாலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட வராமல், வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்திருப்பார். பஸ் போகும் சத்தம் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "அடுத்த வாரம் போலாமுங்க" என்பேன்.

இப்போது உட்காருவதில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பெர்சிஸ்


விழுப்புரம்
10.5.2024

செவ்வாய்க்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போ. போய்விட்டு வந்து எழுது. அதற்குமுன் எழுதாதே.

திர்சாள்


அன்னூர்
14.7.2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்த மறு செவ்வாயே கூட்டிப்போனேன். இதோடு ஒன்பது வாரம். எட்டு வாரம் ஆனபிறகுதான் எழுதவேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். உங்கள் சர்க்கரையைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

மானசா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல் ஆறு மாசந்தான் ஆன்ட்டி முக்கியம், அதுல அஞ்சு மாசம் போயிருச்சு. இனி வர்றது வரட்டும்" என்றாள். இப்போது 'தண்ணி', 'போதும்', 'வலிக்குது' வருகிறது. சில நாள் இரண்டு மூன்று வார்த்தை சேர்ந்து வருகிறது. பெயர்கள் வரவில்லை. டிசம்பரில் வந்த 'பெர்' திரும்ப வரவே இல்லை. என்னைக் கூப்பிட 'ஏ' என்கிறார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பேசறது எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. அதுக்காவ உங்கள ஊமையாக்கிப்போட்டேன்" என்றேன். இடது கையை என் தலைமேல் வைத்தார். ஆசீர்வாதமா, தள்ளிவிட்டாரா, இரண்டுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அர்த்தம் சொல்வதை அன்றைக்கே நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் அந்த அப்பத்தை வாயில் வைத்தால் விழுங்க முடியவில்லை. தன்னைச் சோதித்தறியாமல் அதை எடுக்கக்கூடாதென்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டு நான்காம் தேதி திருவிருந்துக்கு முன்னால் சபைக்கு முன் நின்று உண்மையைச் சொல்லப்போகிறேன். வீடு போகும். மரியாதை போகும். போகட்டும். அன்று காலை பத்து மணிக்கு எனக்காக முழங்காலில் இருங்கள்.

பெர்சிஸ்


அன்னூர்
5.8.2024

அக்கா, ஸ்தோத்திரம். உடம்பைக் கேட்காமல் ஆரம்பிப்பதற்கு மன்னியுங்கள்.

நேற்று சொல்லிவிட்டேன். "நவம்பர்ல இருந்து ஐயா சொன்னாருன்னு நான் சொன்னது ஒண்ணுகூட ஐயா சொன்னதில்லீங்க. அது அந்நிய பாஷையுமில்லீங்க, சீக்குங்க. பேசுனதெல்லாம் நான். அவரு பேச்சு திரும்பீரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப்போகல. கர்த்தருக்கு முன்னால, உங்களுக்கு முன்னால பாவம் செஞ்சுபோட்டேன்" என்றேன். சுப்பண்ணன் பிரதர் முகம் வெளுத்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஐயோ என்றார்கள்.

அப்போது உங்கள் தம்பி தடியால் தரையில் தட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மைக் இல்லை, ஒன்றுமில்லை. வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, "நா... சொன்னது... தான்" என்றார். மறுபடியும் ஒருமுறை சொன்னார். முதல்முறை கேட்காதவர்களுக்கும் கேட்டது.

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி அல்லேலூயா சத்தம். ஐயா பேசிவிட்டார், அற்புதம் என்று அழுகிறார்கள், ஆடுகிறார்கள். நான் சொன்னது எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பிரதர் என்னிடம் வந்து, "அம்மாவுக்கு எவ்வளவு தாழ்மை பாருங்க! ஐயாவக் கவனிச்சுக் கவனிச்சு ஒடம்பு சோந்துபோச்சு, அதான் என்னென்னமோ சொல்லிப்போட்டீங்க" என்றார். ஒன்பது மாதச் செய்திகளையும் 'பாஸ்டர் தனபால் ஐயாவின் பிரசங்கங்கள்' என்று புத்தகம் போடப்போகிறார்களாம். ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது முழுக்க என் குரல்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? என்னையக் காப்பாத்தவா, இல்ல எடுத்துக்கவா?" மேசையிலிருந்த டம்ளரைக் காட்டினார். பிறகு 'தண்ணி' என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கக் கூடாதென்று ஐந்து மாதம் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது ஒரு பதில் சொல்லமாட்டாரா என்று கெஞ்சுகிறேன்.

பெர்சிஸ்


விழுப்புரம்
16.8.2024

அம்மணிக்கு. சௌக்கியம். நீ சொன்ன நாளில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை முழங்காலில் இருந்தேன்; எழுப்பிவிட இரண்டு சகோதரிகள் வரவேண்டியதாயிற்று.

அவனிடம் கேட்டதை என்னிடம் கேள். இரண்டும்தான். உன்னைத் தெருவில் நிறுத்த அவனுக்கு மனம் வராது. கையில் கிடைத்ததை விட்டுக்கொடுக்கவும் அவனுக்கு மனம் வராது. நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? நீ பெண்களுக்குச் சொன்னதை ஞாயிறு அவன் சொன்னபோது சிரித்தாயே, அப்போதே கேட்டிருக்கவேண்டும். நானும் கேட்டிருக்கவேண்டும், எனக்கும் அது தெரியும்.

உன்மேல் என் கோபம் இன்னும் தீரவில்லை. பொத்தான் போடாத சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் உறக்கம் வரவில்லை. ஆனாலும் நீ தெருவுக்கு வருவதை நான் விரும்பவில்லை. அதனால் கேள்: திரும்ப அறிக்கை, சண்டை, ஒன்றும் வேண்டாம். அவன் பேசட்டும். நீ அர்த்தம் மட்டும் சொல், அவன் சொல்லாத ஒரு வார்த்தையையும் கூட்டாதே. வீடு மிஞ்சும், கடைசிக்காலம் கழியும். மனதை அடக்கிக்கொள் கண்ணு.

திர்சாள்


அன்னூர்
26.8.2024

பிரியமான திர்சாள் அக்காவுக்குப் பெர்சிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அவருக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இன்னும் முழங்காலில் நின்று காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து ஜெபித்தாலும் கர்த்தருக்குக் கேட்கும்.

நீங்கள் சொன்னபடியே நேற்று செய்தேன். சபை நிரம்பியிருந்தது. அற்புதத்தைப் பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். சுப்பண்ணன் பிரதர் மைக்கை அவர் வாயருகே பிடித்தார். வெகுநேரம் முயன்று, "கர்த்தர்... நல்லவர்" என்றார். அதையே மூன்று தரம் சொன்னார். அதற்குமேல் வரவில்லை. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. மைக் என் கைக்கு வந்தது. எல்லோரும் வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். முன்பெல்லாம் ஒரு முனகலுக்கு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தைக்கு மத்தியானம்வரை பேசியிருப்பேன், நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது.

"கர்த்தர் நல்லவர்னு ஐயா சொல்றாருங்க" என்றேன். பாயில் உட்கார்ந்தேன்.

காத்திருந்தார்கள். "அப்பறம், அம்மா?" என்றார் பிரதர். "அவ்வளவுதானுங்க. ஐயா சொன்னது அவ்வளவுதான்" என்றேன். பிரதர் உங்கள் தம்பியைப் பார்த்தார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். பேசு என்று கண்ணாலேயே சொன்னார் அக்கா, சத்தியமாகச் சொன்னார். ஆனால் எந்தப் பெயரில் பேசவேண்டும் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு குழந்தை அழுதது. பாட்டுக்காரத் தம்பிகள் ஒரு பாட்டை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் லோகப்பிரியா என்று ஒரு பிள்ளை, நூல்மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஆராதனைக்கு வருபவள். அவள் எழுந்து, "ஐயா சொன்னது போதுமுங்கம்மா. அன்னிக்கு நீங்க சொன்னத நாங்க நம்புனோமுங்க. நீங்க உங்களுத சொல்லுங்க, கேக்கறோம்" என்றாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் எழுந்தேன். பிரதர் வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்துவிட்டார்.

மேடையில் ஏறவில்லை. பாய்மேல் நின்றபடியே, "இது ஐயா சொல்றதில்லீங்க. பெர்சிஸ் சொல்றனுங்க" என்று ஆரம்பித்தேன். ஆண்கள் பக்கத்தில் பாதிப்பேர் எழுந்து வெளியே போனார்கள். பெண்களிலும் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்பதற்காக நகர்ந்து கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். பிரதர் அங்கேயே தலைமைச் சபைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நவநீத் தம்பி இந்த வாரமே வந்துவிடுவார் என்று நினைக்கிறேன். பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் தம்பி வெளியே போகவில்லை அக்கா. யாராவது கை கொடுத்தால்தான் அவரால் எழ முடியும். நடுவில் ஒருதரம் என்னைப் பார்த்து இடது கையை நீட்டினார். நான் பேசிக்கொண்டிருந்தேன். கை கொடுக்கவில்லை.

உங்கள்
பெர்சிஸ்